உடல் உறைகாப்பு: ஆதரவும் ஆதாரமும்

முன்னுரை

1967ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12ஆம் நாள், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஜேம்ஸ் பெட்ஃபோர்டு என்னும் உளவியல் பேராசிரியர் புற்றுநோயால் காலமானார். அவர் உடல் புதைக்கப்படவும் இல்லை, எரிக்கப்படவும் இல்லை. வருங்கால மருத்துவம் தம்மை எழுப்பக்கூடும் என்று நம்பி அவர் விரும்பியவாறே அது உறையவைக்கப்பட்டது. அரை நூற்றாண்டு கடந்தும் அவ்வுடல் அரிசோனா மாநிலத்தில் ஓர் எஃகுக் கலத்துள் இருக்கிறது. அன்று விந்தையாகப் பேசப்பட்ட இம்முயற்சிக்கு இன்று பொதுமக்களிடத்தும் வணிக உலகிலும் ஆதரவு கூடிவருகிறது. அவ்வாதரவு எதன்மேல் நிற்கிறது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லும் செயல்முறையும்

'கிரையோனிக்ஸ்' என்பது குளிர் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது. தமிழில் அதனை 'உடல் உறைகாப்பு' எனலாம். இறப்பு சட்டப்படி உறுதிசெய்யப்பட்டவுடன் உடலைக் குளிர்வித்து, குருதியை அகற்றி, அதற்கு ஈடாகப் பாதுகாப்புக் கரைசல் ஒன்றைச் செலுத்துவர். உடலிலுள்ள நீர் பனிக்கட்டியானால் அதன் படிகங்கள் உயிரணுக்களைச் சிதைக்கும். ஆகவே நீரைப் பனியாக விடாது கண்ணாடிபோல் இறுகச் செய்வதே இக்கரைசலின் பணி. பின்னர் உடல் -196 பாகை செல்சியசில், திரவ நைட்ரசனில் வைக்கப்படும். அந்நிலையில் அழுகல் முதலிய வேதிமாற்றங்கள் ஏறத்தாழ நின்றுவிடுகின்றன.

அக்கலம் வெந்நீர்க் குடுவையைப்போல் இரட்டைச் சுவர் கொண்டது. குளிரைக் காக்க மின்சாரம் வேண்டுவதில்லை. ஆயினும் நைட்ரசன் சிறிது சிறிதாக ஆவியாகும். யாரேனும் ஒருவர் அதனை ஊற்றிக்கொண்டே இருத்தல் வேண்டும். இச்சிறு செய்தியை மாணவர்கள் மனத்திற் கொள்க. பின்னர் வருவன யாவும் இதனைச் சார்ந்தே நிற்கின்றன.

தொடக்கமும் சறுக்கலும்

மிச்சிகன் மாநிலத்தில் இயற்பியல் கற்பித்த ராபர்ட் எட்டிங்கர் 1964இல் வெளியிட்ட நூலே இவ்வியக்கத்திற்கு வித்து. 1972இல் 'ஆல்கர்' என்னும் அமைப்பும், 1976இல் எட்டிங்கரின் 'கிரையோனிக்ஸ் இன்ஸ்டிடியூட்' என்னும் அமைப்பும் தோன்றின. எட்டிங்கர் 2011இல் தம் 92ஆம் வயதில் இறந்தபோது அவருடலும் அவர் நிறுவிய இடத்திலேயே உறையவைக்கப்பட்டது.

இதற்கிடையே ஒரு பெருஞ்சறுக்கல் நேர்ந்தது. கலிபோர்னியாவின் சாட்ஸ்வொர்த் என்னுமிடத்துக் கல்லறைத் தோட்டத்தில், நிலவறையொன்றில் ஒரு சங்கம் உடல்களைக் காத்துவந்தது. உறவினர் தந்த பணம் வற்றியது. நைட்ரசன் ஊற்றுவது நின்றது. ஒன்பது உடல்கள் உருகி அழிந்தன. 1979இல் உண்மை வெளிப்பட்டது. வழக்குத் தொடுத்த உறவினர் பக்கமே தீர்ப்பும் அமைந்தது. இங்கே அறிவியல் தோற்பதற்கு முன்பே பொறுப்பு தோற்றுவிட்டது.

பெருகும் ஆதரவு

அப்பாடத்தின் பின்னரே இத்துறை வணிக ஒழுங்கினுள் வந்தது. ஆல்கர் அமைப்பு 1997இல் உடல்களின் பராமரிப்புக்கெனத் தனி அறக்கட்டளை நிதியை வகுத்தது. கட்டணமோ பெரிது: ஓரிடத்தில் 28,000 டாலர் முதல், மற்றோரிடத்தில் 2 லட்சம் டாலருக்கு மேல். அதனைப் பெரும்பாலோர் ஆயுள் காப்பீட்டின் வழியே செலுத்துகின்றனர். உறுப்பினர் தவணை கட்டிவருவார்; அவர் இறந்தபின் காப்பீட்டுத் தொகை உறைகாப்பு அமைப்பைச் சேரும். செல்வர்க்கே உரியதாயிருந்த ஒன்று நடுத்தர வருவாயினர்க்கும் எட்டியது இதனாலேயே. இவ்விரு அமெரிக்க அமைப்புகளிலும் இன்று தலா 200க்கும் மேற்பட்டோர் வைக்கப்பட்டுள்ளனர். சீனாவின் ஜினான் நகரில் 2017இலும், ஆஸ்திரேலியாவின் ஹோல்புரூக் என்னும் ஊரில் 2024இலும் முதல் உடல்கள் உறையவைக்கப்பட்டன. சுவிட்சர்லாந்திலும் காப்பகம் எழுந்துள்ளது.

பொதுமக்கள் மனத்தைத் தொட்டது 2016ஆம் ஆண்டின் இங்கிலாந்து வழக்கு. புற்றுநோயால் இறக்கும் நிலையிலிருந்த 14 வயதுச் சிறுமி, தன்னுடல் உறைகாக்கப்படவேண்டும் என நீதிபதிக்கு எழுதினாள். பெற்றோரிடையே கருத்து வேறுபாடு இருந்தது. நீதிபதி பீட்டர் ஜாக்சன், உடலைப்பற்றி முடிவெடுக்கும் உரிமையைத் தாய்க்கு வழங்கினார். உறைகாப்பு சரியா தவறா என்பதில் தாம் தீர்ப்பளிக்கவில்லை எனவும் தெளிவுபடுத்தினார்.

ஆதரவு வேறு, ஆதாரம் வேறு

அறிவியலின் நிலை யாது? உறையவைத்த கருவிலிருந்து முதற்குழந்தை 1984இல் ஆஸ்திரேலியாவில் பிறந்தது. 2023இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தார், 100 நாள் வரை இவ்வாறு காக்கப்பட்ட எலியின் சிறுநீரகங்களை மீண்டும் எலிகளுக்குப் பொருத்தி இயங்கச் செய்தனர். இவை மெய்யான வெற்றிகள். ஆனால் கருவோ சில உயிரணுக்களின் தொகுதி. எலியின் சிறுநீரகமோ மிகச்சிறியது. பெரிய உறுப்பைச் சீராகச் சூடேற்றுவதும், விரிசலின்றிக் காப்பதும் இன்னும் தீராத சிக்கல்களே. அத்தாழ்வெப்பத்திற்குக் கொண்டுசெல்லப்பட்ட பாலூட்டி எதுவும் முழு உடலோடு இன்றுவரை மீண்டெழுந்ததில்லை.

முதலீட்டாளரின் நோக்கையும் பிரித்தறிய வேண்டும். 'கிரேடில்' என்னும் அமெரிக்க நிறுவனம் 2024இல் 4 கோடியே 80 லட்சம் டாலர் முதலீட்டை அறிவித்தது. உறுப்புகளைக் கெடாது உறையவைத்து மீட்கும் ஆய்வு அதற்குரிய பணி. மாற்று உறுப்புக்காகக் காத்திருக்கும் நோயாளிக்கு அது வாழ்வளிக்கலாம். இறந்தோரை எழுப்பும் என்பதற்கு அது சான்றாகாது. பெருஞ்செல்வர் பீட்டர் தீல் தம் பெயரை உறைகாப்புக்குப் பதிந்துள்ளார். ஆயினும் தம் கொள்கையைப் புலப்படுத்தவே அவ்வாறு செய்ததாகவும், அது பலிக்கும் எனத் தாம் எதிர்பார்க்கவில்லை எனவும் அவரே கூறியுள்ளார்.

முடிவுரை

நம் வீடுகளில் 'அமானிதம்' என்றொரு சொல் வழங்குகிறது. பிறர் நம்பி ஒப்படைத்த பொருளை, அவர் கேட்கும்வரை கெடாது காத்துத் திருப்பித் தருவதே அதன் பொருள். உறைகாப்பில் ஒப்படைக்கப்படுவது ஒப்படைத்தவரின் உடலே. கணக்குக் கேட்க அவரால் இயலாது, காலக்கெடுவும் இல்லை. இன்று ஒப்பந்தமிடுவோர் ஒருவர். நூறாண்டு கழித்து நைட்ரசன் ஊற்ற வேண்டியவர் இன்னும் பிறவாத ஒருவர். உறுப்பினர் தொகையும் முதலீடும் பெருகுவதால் இப்பொறுப்பு எளிதாகிவிடாது. மேலும் கனக்கவே செய்யும்.

ஆகவே உறைகாப்பை நகைப்பதும் வேண்டா. விளம்பரத்தை அப்படியே நம்புவதும் வேண்டா. 'எழுப்ப முடியுமா' என்பதற்கு விடை வருங்காலத்திடம் உள்ளது. 'அதுவரை காப்பது யார்' என்பதற்கோ விடையை இன்றே கேட்டுப் பெறுதல் வேண்டும். சாவின் வாயிலில் நிற்கும் ஒரு குடும்பம் அக்கேள்வியைக் கேட்கும் நிலையில் இராது. அவர்கள் சார்பில் அதனைக் கேட்பது கற்றோர் கடன்.