வலிப்பு நோயும் நரம்புத் தூண்டலும்

இராயப்பேட்டை மணிக்கூண்டைப் போல மக்கள் நெருங்கி நடமாடும் ஓரிடத்தில் சிறுவன் ஒருவன் வலிப்புற்று விழுந்தால், எவரேனும் இரும்புச் சாவி ஒன்றை அவன் கையில் திணிப்பர். இரும்பால் வலிப்பு நிற்பதில்லை. பெரும்பாலான வலிப்புகள் சில நிமிடங்களில் தாமே அடங்கும். அதனால் சாவியே நிறுத்தியது என்று மக்கள் எண்ணிவிடுகின்றனர்.

வலிப்பு என்பது யாது? மூளையின் நரம்பணுக்கள் நுண்ணிய மின்துடிப்புகளால் செய்தி பரிமாறுகின்றன. பல அணுக்கள் கட்டுக்கடங்காது ஒருங்கே துடிக்கும்போது வலிப்பு உண்டாகிறது. இது பேயின் செயலன்று, தொற்றுநோயுமன்று. சில குழந்தைகளுக்கு மரபணுப் பிழையால் இந்நோய் உண்டாகிறது. பிரெஞ்சு மருத்துவர் சார்லட் திராவே 1978-ஆம் ஆண்டில் விளக்கிய கடுமையான வலிப்பு அத்தகையது. நரம்பணுவினுள் சோடியம் புகும் வாயிலை அமைக்கும் மரபணு பழுதுறுவதே அதற்குப் பெரும்பாலும் காரணம் என 2001-ஆம் ஆண்டில் தெரியவந்தது.

வலிப்பு நோயாளர் பதின்மரில் ஏறத்தாழ எழுவர் தக்க மருந்தினால் வலிப்பின்றி வாழ இயலும். எஞ்சியோருள் சிலர்க்கு நரம்புத் தூண்டல் துணைசெய்கிறது. மூளையிலிருந்து கழுத்தின் வழியாக இதயம், வயிறு முதலிய உறுப்புகளுக்குச் செல்வது வேகஸ் நரம்பு. இடப்பக்க வேகஸ் நரம்பில் மெல்லிய கம்பியைச் சுற்றி, மார்புத் தோலின் அடியில் வைத்த சிறு மின்கருவியோடு இணைப்பர். அது சில நிமிடங்களுக்கு ஒருமுறை மெல்லிய துடிப்புகளை அனுப்பும். வலிப்பு வரும் குறி தோன்றின், காந்தத்தைக் கருவியின்மேல் காட்டிக் கூடுதல் துடிப்பைப் பெறலாம். 1988-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மனிதருக்கு இது முதன்முதல் பொருத்தப்பட்டது. 1997-இல் அந்நாட்டரசின் ஒப்புதலைப் பெற்றது. இது நோயை வேரறுப்பதன்று. பலர்க்கு வலிப்பின் எண்ணிக்கையைக் குறைப்பது. சிலர்க்குக் குரல் கம்மும். சிலர்க்குப் பயன் தராது. மருந்தையும் தொடர்ந்து உண்ணல் வேண்டும்.

நரம்பு மண்டலத்தை மின்சாரத்தால் தூண்டும் முயற்சி சென்னைக்குப் புதியதன்று. சென்னையிற் பிறந்த நரம்பு அறுவை மருத்துவர் டி. எஸ். கனகா, 1975-ஆம் ஆண்டிலேயே மூளையினுள் நிலையான மின்முனைகளைப் பொருத்தி இந்தியாவில் இத்துறைக்கு வழிகாட்டினார்.

மருத்துவம் வளர்ந்தாற் போதாது. மக்கள் மனமும் வளர்தல் வேண்டும். இந்துத் திருமணச் சட்டம் வலிப்பு நோயைத் திருமணத்திற்குத் தடையாகக் கொண்டிருந்தது. அது 1999-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது.

மாணவர்களே! வலிப்புற்றவரை ஒருக்களித்துக் கிடத்துங்கள். கழுத்தின் இறுக்கத்தைத் தளர்த்துங்கள். வாயில் எதனையும் இடாதீர்கள். கை கால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். ஐந்து நிமிடங்களுக்கு மேல் வலிப்பு நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அந்நோயுடைய தோழன் மறுநாள் வகுப்பிற்கு வரும்போது, அவனருகே வழக்கம்போல் அமருங்கள். அம்மருந்தை அளிக்க மருத்துவர் வேண்டுவதில்லை.