ஒரு யூனிட் கரண்ட் எவ்வளவு?

இந்தக் கேள்வியைக் கேட்டால் பலரும் பில் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்துச் சொல்வோம். பொறியியல் படிக்கிற நானும் அப்படித்தான் வகுத்தேன். அதனால் என் வீட்டு நண்பர்கள் நாலு பேரின் காசை மூன்று மாதம் தின்றுவிட்டேன்.

யூனிட் என்பது சுலபம். 1,000 வாட் பொருள் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 60 வாட் காற்றாடி தினமும் 8 மணி நேரம் சுற்றினால் 30 நாளில் 14.4 யூனிட். விலைதான் சிக்கல்.

தீபகற்ப மலேசியாவில் 2014 முதல் 2025 ஜூன் வரை வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறும். முதல் 200 யூனிட்டுக்கு 21.8 காசு, அடுத்த 100-க்கு 33.4 காசு, 301 முதல் 600 வரை 51.6 காசு. 300-ஐத் தாண்டினால் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்கு 1.6 விழுக்காடு கூடும். (சின்னச் சின்னக் கழிவுகளை விட்டுவிடுகிறேன்.)

அப்போது நாங்கள் ஐந்து பேர் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். மாதம் 300 யூனிட், 77 வெள்ளி, ஆளுக்கு 15.40. பிறகு என் அறையில் ஏர்கோன் மாட்டினேன். "ஏர்கோன் கரண்ட்ட நானே கட்டிக்கிறேன்டா" என்று பெருமையாகச் சொன்னேன். 420 யூனிட், பில் 141.14. வகுத்தால் யூனிட்டுக்கு 33.6 காசு. ஏர்கோனின் 120 யூனிட்டுக்கு 40.33 வைத்துவிட்டு, மீதியை ஐந்தாகப் பிரித்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை.

நான்காம் மாதம் மீதிப் பங்கு 20.16 என்று எழுதும்போதுதான் உறைத்தது. காற்றாடி மட்டும் வைத்திருப்பவனுக்கு ஏன் 4.76 ஏறியது? ஏர்கோன் வந்ததால்தான் பில்லே மூன்றாம் படிக்குப் போனது. 141.14-இல் 77 போனால் 64.14. அதுதான் ஏர்கோனின் உண்மையான செலவு, யூனிட்டுக்கு 53 காசுக்கு மேல்!

"பிரிட்ஜும் அந்தப் படியில் இருக்கலாமே?" என்று வாதாடலாம். ஆனால் பிரிட்ஜ் முன்பே இருந்தது, எல்லாருக்கும் பொது. ஆளுக்கு 14.30 திருப்பிக் கொடுத்தேன். "விடுடா" என்றார்கள், ஆனாலும் வாங்கிக்கொண்டார்கள்.

2025 ஜூலையிலிருந்து கட்டண முறை மாறிவிட்டது. இப்போது குறைவாகப் பயன்படுத்தினால் ஊக்கக் கழிவு உண்டு. மொத்த யூனிட் ஏற ஏற யூனிட்டுக்கான கழிவு குறையும். ஆகவே இப்போதும் வகுத்தால் சரிவராது. அந்தப் பொருள் இல்லாமல் ஒரு பில், அதோடு ஒரு பில் போட்டு, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்க வேண்டும்.