நீர்க்கடுப்பும் மருந்துக்கடை மாத்திரையும்



கூட்டத்தில் சேமிப்பு பேசுகிறோம், கடன் பேசுகிறோம். ஒன்னுக்குப் போனால் எரிகிறது என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை. "சூடு" என்று இளநீர் குடிக்கிறோம். அடங்காவிட்டால் மருந்துக்கடையில் கேட்டு ரெண்டு மாத்திரை. அடுத்த மாசம் மறுபடியும் அதே எரிச்சல்.

திரும்பத் திரும்ப வருகிற நீர்க்கடுப்புக்குப் பெரும்பாலும் கிருமிதான் காரணம். நம் குடலில் இருக்கிற ஈ.கோலை என்ற கிருமி சிறுநீர்ப் பாதையில் ஏறிவிடுகிறது. பெண்களுக்கு அந்தப் பாதை 4 செ.மீ. அளவுதான், அதனால் நமக்கு அதிகம் வருகிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தறிக்குடோனிலும் பனியன் கம்பெனியிலும் காட்டு வேலையிலும் கழிப்பறைக்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறோம். 1948-ல் வந்த தொழிற்சாலைச் சட்டத்திலேயே பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். எழுதினது எழுதினபடி இருக்கிறது! தண்ணீரின் பலனை 2018-ல் வெளியான ஒரு ஆராய்ச்சி காட்டியது. பல்கேரியா நாட்டில் அடிக்கடி நீர்க்கடுப்பு வரும், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களில் பாதிப் பேரை தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்கச் சொன்னார்கள். ஒரு வருஷத்தில் அவர்களுக்கு நோய் வந்த தடவை மற்றவர்களைவிடப் பாதியாகக் குறைந்தது.

சரி, மாத்திரை ஏன் கேட்பதில்லை? பருத்தி போட்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1990-களில் மருந்து அடித்து அடித்து, கடைசியில் காய்ப்புழு அந்த மருந்துக்குச் சாகவே இல்லை. கிருமியும் அப்படித்தான். ரெண்டு மாத்திரையில் எரிச்சல் நின்றுவிடும். தப்பித்த கிருமி பெருகும். அதற்கு அந்த மருந்து பழகிப்போகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2013 முதல் பெரிய ஆஸ்பத்திரிகளில் இதைக் கவனித்து வருகிறது. அங்கே பார்த்த ஈ.கோலை கிருமிகளில் பாதிக்கு மேல், நாம் சாதாரணமாகக் கேட்டு வாங்குகிற சிப்ரோ மாத்திரைக்கு அடங்கவில்லை. கோழித் தீவனத்திலும் இதே கதைதான். கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டின் மருந்தைப் பண்ணைகளில் கொடுக்கக் கூடாது என்று 2019-ல் மத்திய அரசு தடை போட்டது. பல்லடம், நாமக்கல் பக்கம் இருக்கிற நாம் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். பக்கத்து வீட்டு அக்கா மிச்சம் வைத்ததும் வேண்டாம்.

ஆறு மாசத்தில் ரெண்டு தடவை, அல்லது வருஷத்தில் மூணு தடவை வந்தால் டாக்டரிடம் சிறுநீர் கல்ச்சர் டெஸ்ட் கேளுங்கள். மாத்திரை போடுவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். லேபில் தரும் சுத்தமான டப்பாவில், முதலில் வருவதை விட்டு நடுவில் வருவதைப் பிடித்து, ரெண்டு மணி நேரத்துக்குள் சேர்க்கவும். முடிவு வர ரெண்டு மூணு நாள் ஆகும். அதில் மருந்துப் பேருக்கு நேராக 'எஸ்' என்றிருந்தால் அது கேட்கும், 'ஆர்' என்றிருந்தால் கேட்காது. அந்தச் சீட்டை பாஸ்புக் மாதிரி பத்திரமாக வையுங்கள், அடுத்த தடவை டாக்டருக்கு உதவும். சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். மாதவிலக்கு நின்றவர்களுக்கு அந்த இடம் வறண்டு போவதாலும் அடிக்கடி வரும். அதற்குத் தனி க்ரீம் உண்டு, கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

குளிர்காய்ச்சல், விலாப்பக்கம் வலி, வாந்தி வந்தால் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி போகணும். கர்ப்பிணிகள் லேசான எரிச்சலுக்கும் காத்திருக்க வேண்டாம்.

டெஸ்ட்டுக்கும் பஸ்ஸுக்கும் காசில்லை என்று தள்ளிப்போடுகிறவர்கள் நம் சங்கங்களில் உண்டு. வரும் கூட்டத்தில் இதற்கும் உள்கடன் தரலாம் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.