சாவியின் பேட்டரி தீர்ந்தாலும் வண்டி கிளம்பும்

அன்புள்ள மருமகள் கண்ணுக்கு,

மாமா எழுதுவது.

புது ஹூண்டாய் வண்டியை எடுத்துக்கொண்டு இரவு ஷிஃப்டுக்குத் தனியாகப் போய்வருகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். சந்தோஷம். சாவியைக் கைப்பையிலிருந்து எடுக்காமலே கதவு திறக்கிறது, பட்டனைத் தொட்டால் எஞ்சின் ஓடுகிறது. ஆனால் இந்த வசதி எல்லாம் சாவிக்குள் இருக்கும் ஒரு சின்ன பட்டன் பேட்டரியை நம்பியது. இரண்டு மூன்று வருஷத்தில் அது தீரும். விடிகாலையில் ஆளில்லாத பார்க்கிங்கில் அது தீர்ந்துபோனால் நீ கலங்கக் கூடாது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒன்றை மனதில் வை. எஞ்சின் கிளம்ப அனுமதி கொடுப்பது அந்த பேட்டரி அல்ல. சாவிக்குள் இரண்டு வேலை நடக்கிறது. நீ கதவருகே வந்ததும் வண்டி சன்னமான ஒரு சிக்னலை அனுப்பும்; சாவி அதைக் கேட்டு ரேடியோ அலையில் பதில் சொல்லும். அந்தப் பதிலுக்குத்தான் பேட்டரி வேண்டும். இன்னொன்று, திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சிப். அதற்கு பேட்டரியே தேவையில்லை. ஸ்டார்ட் பட்டனைச் சுற்றியிருக்கும் கம்பிச்சுருள், தொட்டுக்கொண்டு நிற்கும் சாவிக்குத் தானே மின்சாரம் ஊட்டி அதன் ரகசிய எண்ணைக் கேட்டுக்கொள்ளும். மெட்ரோ கார்டுக்குள் பேட்டரி இல்லாமலே கேட் திறக்கிறதே, அதே தத்துவம்தான்.

இனி செய்ய வேண்டியது. சாவியின் ஓரத்தில் சின்னதாக ஒரு கொக்கி இருக்கும். அதைத் தள்ளிப் பிடித்து இழுத்தால் உள்ளிருந்து ஓர் இரும்புச் சாவி வரும். டிரைவர் பக்கக் கதவின் கைப்பிடியில் அதைப் போட்டுத் திற. சில வண்டிகளில் அந்தத் துளையை ஒரு பிளாஸ்டிக் மூடி மறைத்திருக்கும். அதை மெல்ல நெம்பி எடுக்க வேண்டும். கதவு திறந்ததும் அலாரம் அலறலாம். பயப்படாதே, வண்டி கிளம்பியதும் அடங்கிவிடும்.

உள்ளே உட்கார்ந்து, கியர் ‘பி’யில் இருக்கிறதா என்று பார். பிரேக்கை நன்றாக மிதி. விரலால் அழுத்தாமல், சாவியையே ஸ்டார்ட் பட்டன் மேல் ஒட்டிவைத்து, சாவியாலேயே பட்டனை அழுத்து. எஞ்சின் ஓடும்.

சாவியை வைக்கும் இடம் எல்லா வண்டிக்கும் ஒன்றல்ல. டொயோட்டாவில் சின்னம் பொறித்த பக்கத்தைப் பட்டனில் தொட்டு, ஒலி கேட்டதும் பட்டனை அழுத்த வேண்டும். சில ஃபோக்ஸ்வாகன் வண்டிகளில் ஸ்டீயரிங் தண்டின் வலப்பக்கம் ஓர் இடம் உண்டு. சில வண்டிகளில் நடுப்பெட்டிக்குள் சாவியை வைக்கத் தனிக் குழி இருக்கும். தோழியின் வண்டியை ஓட்ட நேர்ந்தால் கையேட்டைப் புரட்டி அந்த இடத்தைத் தெரிந்துகொண்டு ஓட்டு.

இத்தனை செய்தும் டேஷ்போர்டில் விளக்கே எரியவில்லை, அல்லது மங்கி ‘டிக் டிக்’ என்று மட்டும் சத்தம் வருகிறதென்றால், கோளாறு சாவியில் இல்லை; வண்டியின் 12 வோல்ட் பேட்டரி இறங்கியிருக்கிறது. அதற்கு ஜம்பர் கேபிள் வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே.

வண்டி கிளம்பிவிட்டது என்று வைத்துக்கொள். அணைத்தால் மறுபடி கிளம்பாதோ என்று நினைத்து, ஓடவிட்டபடியே பேட்டரி வாங்கக் கடைக்குள் போகாதே. சாவி வெளியே போனாலும் எஞ்சின் நிற்காது, யார் வேண்டுமானாலும் ஓட்டிக்கொண்டு போய்விடலாம். பிள்ளை உள்ளே இருந்தால் இன்னும் ஆபத்து. எத்தனை தடவை அணைத்தாலும் இதே முறையில் கிளப்பலாம், தைரியமாக அணைத்துவிட்டுப் போ.

பேட்டரி பெரும்பாலும் சிஆர் 2032 ஆக இருக்கும்: 3 வோல்ட், 20 மி.மீ. அகலம், 3.2 மி.மீ. கனம். சிஆர் 2025 என்பதும் அதே அகலம்தான், ஆனால் மெலிசு. அதனால் கழற்றிய பேட்டரியின் முதுகில் இருக்கும் எண்ணைப் பார்த்தே வாங்கு. வாட்ச் கடையில் கிடைக்கும். மூடியை நெம்பும் ஸ்க்ரூ டிரைவர் முனையில் டேப் சுற்றிக்கொண்டால் கீறல் விழாது. பிளஸ் பக்கம் எப்படி இருந்ததோ அப்படியே புதியதைப் போடு. அதன் இரு முகத்தையும் தொடாமல் ஓரத்தைப் பிடி. பெரும்பாலான வண்டிகளில் சாவியை மறுபடி பதிவு செய்யத் தேவையிருக்காது.

கழற்றிய பேட்டரியை மேஜையில் போட்டுவிடாதே. இதை ரொம்பவும் வற்புறுத்திச் சொல்கிறேன். உன் குட்டிப்பயல் அதை விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கி, 2 மணி நேரத்துக்குள் சதையை வெந்துபோகச் செய்துவிடும். சாவிக்கு உதவாத பழைய பேட்டரியிலும் அந்த அளவுக்கு மின்சாரம் மிச்சம் இருக்கும். கழற்றியவுடன் இருபுறமும் டேப் ஒட்டி, அவனுக்கு எட்டாத இடத்தில் வை. விழுங்கியிருப்பானோ என்று சந்தேகம் வந்தாலே போதும். வாந்தி எடுக்க வைக்காமல், அறிகுறிக்குக் காத்திராமல், எக்ஸ்ரே வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே தூக்கிக்கொண்டு போ.

பேட்டரி சொல்லிக்கொண்டுதான் தீரும். கதவு திறக்க இரண்டு மூன்று முறை அழுத்த வேண்டியிருக்கும், கிட்டே போனால்தான் வேலை செய்யும், டேஷ்போர்டில் எச்சரிக்கை வரும். அப்போதே மாற்றிவிடு. சாவியை வண்டிக்குப் பக்கத்திலேயே தொங்கவிடாதே. இரண்டும் சதா பேசிக்கொண்டிருந்தால் பேட்டரி சீக்கிரம் கரையும்.

கண்ணு, படித்தால் மட்டும் போதாது, கைக்குப் பழக வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை பகலில் சாவியிலிருந்து பேட்டரியைக் கழற்றிவிட்டு, நீயும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு தடவை கதவைத் திறந்து வண்டியைக் கிளப்பிப் பாருங்கள். வீட்டில் இருக்கும் இன்னொரு சாவியையும் சோதித்துவிடு. செய்து முடித்ததும் எனக்கு ஒரு போன் போடு.

இப்படிக்கு,
உன் அன்பு மாமா