கோவிட் வந்த வீட்டுக்கு அனுபவக் குறிப்புகள்

2021 இரண்டாம் அலையில் எங்கள் வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவர் படுத்தோம். அப்போது கற்றுக்கொண்டவை இவை. இன்றும் காய்ச்சல், இருமல் என்று யாராவது கேட்டால் இதையேதான் சொல்கிறேன்.

1. ஆக்சிமீட்டரை மாட்டிய உடனே தெரியும் எண்ணை நம்பிவிடாதீர்கள். ஒருநாள் காலையில் மாமியாருக்கு ஆக்சிஜன் அளவு 88 என்று காட்டியது. வீடே பதறியது. தொட்டுப் பார்த்தால் விரல்கள் சில்லிட்டுக் கிடந்தன. "அத்தை, ரெண்டு கையையும் நல்லா தேய்ச்சுட்டு, பேசாம கொஞ்ச நேரம் உட்காருங்க" என்றேன். அதன் பிறகு 96. நகச்சாயம் இருந்தால் அழித்துவிடுங்கள். விரலை அசைக்காமல் ஒரு நிமிடமாவது வைத்து, எண் நிலைத்த பிறகு நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். கை சூடான பிறகும் 94-க்குக் கீழே நின்றால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

2. உட்கார்ந்திருக்கும்போது அளவு சரியாக இருந்தால், வீட்டுக்குள்ளேயே 6 நிமிடம் நடந்துவிட்டு மறுபடி பாருங்கள். வயதானவர்களுக்கு 3 நிமிடம் போதும். 3 புள்ளிக்கு மேல் இறங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். ஏற்கெனவே மூச்சுத் திணறல் உள்ளவரை நடக்க வைக்காதீர்கள்.

3. ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஆக்சிஜன் குறைந்தவரைக் குப்புறப் படுக்க வையுங்கள். கழுத்துக்குக் கீழே ஒரு தலையணை, மார்பிலிருந்து தொடை வரை ஒன்றிரண்டு, முழங்காலுக்குக் கீழே இரண்டு. சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் கடுமையான இதய நோய் உள்ளவர்களுக்கும் இது கூடாது.

4. மூக்கு மணம் பிடிக்காத நாட்களில் கேஸ் கசிவதும் தெரியாது. இதைப் பலரும் யோசிப்பதில்லை. வாசனை தெரிகிற ஒருவர் தினமும் அடுப்படிக்குள் ஒருமுறை போய்வரட்டும். இரவில் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள். பழைய குழம்பை முகர்ந்து பார்த்துச் சூடாக்கும் பழக்கத்தையும் நிறுத்திவையுங்கள். எலுமிச்சை, கிராம்பு, ரோஜா, யூகலிப்டஸ் தைலம் நான்கையும் காலையும் மாலையும் 20 விநாடி வீதம், அந்த மணத்தை நினைத்தபடி முகர்ந்து பழகினால் பலருக்கு வாசனை மெல்லத் திரும்புகிறது. மாதக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும்.

5. குணமான பிறகு 'நெகட்டிவ்' பார்க்க வேண்டும் என்று மறுபடி ஆர்டி-பிசிஆர் எடுக்காதீர்கள். இறந்த கிருமியின் துணுக்குகள் வாரக்கணக்கில் பாசிட்டிவ் காட்டும்.

6. ஆன்டிபாடி பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும் முன்பு, எந்தப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியைப் பார்க்கிறார்கள் என்று லேபில் கேளுங்கள். கோவிஷீல்டு இரண்டு தவணையும் போட்ட பக்கத்து வீட்டுப் பெரியவர் அறிக்கையை நீட்டி, "எனக்கு ஊசி பிடிக்கலையாம்மா?" என்று கேட்டார். குரல் நடுங்கியது. அறிக்கையில் 'நியூக்ளியோகேப்சிட்' என்று இருந்தது. கோவிஷீல்டு நம் உடம்புக்கு அறிமுகப்படுத்துவது கிருமியின் ஸ்பைக் புரதத்தை மட்டும்தான். ஆகவே அந்தச் சோதனையில் அவருக்கு நெகட்டிவ் வருவதே இயல்பு. "ஊசி சரியாத்தான் வேலை செய்யுது சார், இது வேற சோதனை" என்று சொன்ன பிறகே அவர் முகம் தெளிந்தது. கோவேக்சின் முழுக் கிருமியைச் செயலிழக்க வைத்துச் செய்தது. அதைப் போட்டவர்களுக்கு இரண்டு வகை ஆன்டிபாடியும் வரலாம்.

ஸ்பைக் ஆன்டிபாடியே பார்த்தாலும் எண்ணை வைத்து மகிழவோ கலங்கவோ வேண்டாம். லேபுக்கு லேப் அளவு மாறும். இவ்வளவு இருந்தால் நோய் வராது என்று எல்லையும் கிடையாது. உடம்பின் நினைவுச் செல்கள் இந்தச் சோதனையில் தெரிவதே இல்லை. "ஆயிரத்துக்கு மேல இருக்கு, ஊசி எதுக்கு?" என்று தள்ளிப்போட்டவர்களைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

7. ஊசியின் இரண்டு தவணைகளுக்கு நடுவே விடும் இடைவெளிக் கணக்கு குழப்பும். கோவிஷீல்டுக்கு முதலில் 4 முதல் 6 வாரம் என்றார்கள். 2021 மே மாதம் அது 12 முதல் 16 வாரமானது. 'எண்பத்து நாலு நாள்' என்று எல்லோரும் விரல்விட்டு எண்ணியது அதன் பிறகுதான். தொற்று வந்து குணமானவர்களை ஊசிக்கு 3 மாதம் பொறுக்கச் சொன்னதும் அதே மாதம்தான். இனி ஒரு தவணை பற்றி யோசித்தால் அந்தப் பழைய கணக்கை வைத்துக்கொள்ளாமல், உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

8. ஊசி போட்ட அன்று கை வலி, காய்ச்சல் வந்தால் பாராசிட்டமாலும் ஓய்வும் போதும். கையை அசைத்துக்கொண்டே இருந்தால் வலி சீக்கிரம் குறையும். கோவிஷீல்டால் ரத்தம் உறையும் என்ற செய்தி 2024-இல் பலரையும் கலங்கடித்தது. மிக அரிதான அந்தப் பாதிப்பு ஊசி போட்ட முதல் சில வாரங்களில் வருவது. 2021-இல் போட்டவர்கள் இப்போது அதற்காக ரத்தப் பரிசோதனைக்கு ஓட வேண்டியதில்லை.

9. ஆளுக்கொரு பிளாஸ்டிக் உறை வாங்கி, கோவின் சான்றிதழ், பாசிட்டிவ் அறிக்கை, சிடி ஸ்கேன், டிஸ்சார்ஜ் சுருக்கம் எல்லாவற்றையும் போட்டுவையுங்கள். ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் மருந்தின் பெயர், அளவு, நாட்களை மேலேயே எழுதி ஒட்டுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு இது மிக முக்கியம். சான்றிதழில் பெயரும் பிறந்த வருடமும் பாஸ்போர்ட்டோடு பொருந்துகிறதா என்று இன்றே ஒருமுறை சரிபாருங்கள்.