தொடர்படங்களும் நாயகப் பிம்பமும்

நுழையும்முன்

கதை முடிந்த பின்னும் சில நாயகர்கள் திரைக்குத் திரும்பி வருகின்றனர். ஒவ்வொரு வருகையிலும் அவர்களைப் பற்றிய மக்களின் எண்ணம் மாறுகிறது. அம்மாற்றம் சமூகத்தில் விளைவிப்பது என்ன என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

தெருவும் திரையும்

காவிரிக் கழிமுகக் கடற்கரையில் தமிழ்நாட்டு மாவட்டங்கள் சூழ அமைந்திருப்பினும், காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. அங்குத் தெருவில் காண்பது பிரெஞ்சு ஆட்சிக்கால மரபில் வந்த, காவலரின் சிவப்புத் தொப்பி. திரையில் காண்பதோ தமிழ்நாட்டுக் காக்கி நாயகன். நேரில் அறிந்த காவலரினும் திரைக் காவலரே மனத்தில் ஓங்கி நிற்பது எவ்வாறு?

விரியும் எல்லை, சுருங்கும் மனிதன்

ஹரி இயக்கத்தில் சூர்யா நடித்த 'சிங்கம்' 2010இல் வெளிவந்தது. அதன் நாயகன் துரைசிங்கம், தூத்துக்குடி மாவட்டத்து நல்லூரின் உதவி ஆய்வாளன். மளிகைக்கடை நடத்த விரும்பியவன். தந்தையின் விருப்பத்தால் காவல்பணி ஏற்றவன். சென்னைக்கு மாற்றலான பின், பகைவனின் செல்வாக்கைக் கண்டு மனமுடைந்து ஊர்திரும்பவும் எண்ணுகிறான். இத்தயக்கமே அவனை நம்முள் ஒருவனாக்கியது.

2013இல் வந்த இரண்டாம் பாகத்தில் பன்னாட்டுப் போதைப்பொருள் கடத்தலை எதிர்க்கிறான். 2017இல் வந்த மூன்றாம் பாகத்தில் ஆஸ்திரேலியா வரை செல்கிறான். நாயகன் வெல்வான் என்பதைப் பார்வையாளர் முன்பே அறிவர். ஆகவே, தொடர்படம் பெரிய பகைவனைத் தேடுகிறது. பெரிய பகைவனுக்கு ஈடாக நாயகனின் ஆற்றலும் பெருக்கப்படுகிறது. அச்சமும் தயக்கமும் உதிர, மனிதன் மறைந்து பிம்பம் எஞ்சுகிறது.

ஹாலிவுட்டிலும் இதுவே நிகழ்ந்தது. டேவிட் மோரல் 1972இல் எழுதிய புதினத்தில் ராம்போ இறந்துவிடுகிறான். 1982இல் வந்த படத்தில் உயிர் பிழைக்கிறான். போரால் மனம் நொந்த அவ்வீரன், 1985இல் வந்த தொடர்படத்தில் தனியொருவனாகப் படையை எதிர்க்கும் வீரனாகிவிட்டான்.

பிம்பத்தின் விலை

2020 ஜூனில், துரைசிங்கம் பிறந்ததாகக் கதை கூறும் அதே தூத்துக்குடி மாவட்டத்தில், சாத்தான்குளம் காவல்நிலையத்தில் தாக்கப்பட்ட தந்தையும் மகனும் உயிரிழந்தனர். காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்தமைக்காக வேதனைப்படுவதாக அப்போது ஹரி அறிவித்தார். மறு ஆண்டில் வெளிவந்த 'ஜெய் பீம்' படத்தில், காவல் மரணத்திற்கு எதிராக வாதாடும் வழக்கறிஞராகச் சூர்யா தோன்றினார்.

படைத்தவர் வருந்தினாலும் பிம்பம் எளிதில் கலைவதில்லை. திரையில் குற்றவாளி யார் என்பதை இயக்குநர் முன்னரே காட்டிவிடுகிறார். எனவே நாயகனின் அடி நமக்கு நீதியாகத் தோன்றுகிறது. வாழ்விலோ அதனைத் தீர்மானிக்க வேண்டியது நீதிமன்றம். இவ்வேறுபாட்டை மறவாது கைதட்டுவதே தேர்ந்த சுவைஞரின் இயல்பாகும்.

கற்பவை கற்றபின்

நீங்கள் பார்த்த தொடர்படம் ஒன்றின் முதற்பாகத்தில் நாயகனுக்கு இருந்த அச்சங்களுள் எவை அடுத்த பாகத்தில் மறைந்தன என்பதை வகுப்பில் கலந்துரையாடுக.