சோப்பு உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள்

போன பொங்கலுக்கு எங்கள் தோட்டத்தில் வேலை செய்கிற பத்துக் குடும்பங்களுக்கும் துணியோடு ஆளுக்கு இரண்டு சோப்புக் கட்டி கொடுத்தேன். ஓர் இயற்கைச் சந்தையில் வாங்கியது. கட்டி ரூ.120. பழுப்புத் தாள் உறை, அதன்மேல் வாழைநார்க் கட்டு, வேப்பிலைப் படம். நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று மனசுக்குள் ஒரு பெருமை.

மறுவாரம் களை எடுக்க வந்த அம்மாவோடு கல்லூரியில் படிக்கும் அவருடைய மகளும் வந்திருந்தாள். "ஐயா, இதுல முதல்ல போட்டிருக்கறது பாமாயிலுங்க. வேப்பிலை கடைசியிலதான் இருக்குது" என்றாள். உறையை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். அவள் சொன்னது சரி.

ரேஷன் கடையில் பாமாயிலுக்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய் கொடு என்று கூட்டத்துக்குக் கூட்டம் கோஷம் போடுகிறோம். நானும் போட்டிருக்கிறேன். அப்படிப்பட்ட தென்னை விவசாயி ரூ.2,400 கொடுத்து இருபது கட்டி பாமாயில் சோப்பு வாங்கியிருக்கிறேன். முப்பத்துமூன்று வருஷம் வங்கியில் கடன் மனுக்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டியவன், ஒரு சோப்பு உறையைத் திருப்பிப் பார்க்கவில்லை. அந்த வெட்கத்தில் உட்கார்ந்து படித்ததையும் கணக்குப் போட்டதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

1. உறையில் என்ன எழுதியிருக்கிறது?

முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம் வாக்குமூலம். நம் நாட்டு விதிப்படி அழகுசாதனப் பொருள்களில் ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்கும் பொருள்களை அளவு அதிகமானதிலிருந்து குறைவானதற்கு வரிசையாக எழுத வேண்டும். ஒரு சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றை அதன்பின் எந்த வரிசையிலும் எழுதலாம். அதனால் முதல் மூன்று நான்கு பெயர்கள்தான் சரக்கு. வேம்பும் கற்றாழையும் வாசனைப் பொருளுக்குப் பின்னால் வந்தால் பெரும்பாலும் அவை பேருக்குத்தான்.

அந்தப் பெயர்கள் நமக்குப் புரியாத மொழியில் இருக்கும். நான்கைத் தெரிந்துகொண்டால் போதும்.

- சோடியம் பாமேட்: பாமாயிலில் செய்த சோப்பு
- சோடியம் பாம் கெர்னலேட்: செம்பனைக் கொட்டை எண்ணெயில் செய்தது
- சோடியம் கோகோயேட்: தேங்காய் எண்ணெயில் செய்தது
- சோடியம் டாலோவேட்: மாட்டுக் கொழுப்பு போன்ற விலங்குக் கொழுப்பில் செய்தது

அடுத்து டி.எஃப்.எம். என்ற எழுத்துகளைத் தேடுங்கள். கட்டியில் மொத்தக் கொழுப்புப் பொருள் எத்தனை சதவீதம் என்பதன் அளவு அது. இந்தியத் தரநிலைப்படி குளியல் சோப்பில் முதல் தரத்துக்குக் குறைந்தது 76, இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60 சதவீதம் வேண்டும். 'பேத்திங் பார்' என்று போட்டிருந்தால் 40 இருந்தாலே போதும். பார்வைக்கு எல்லாம் ஒரே கட்டிதான், உள்ளே இருக்கும் சரக்கு வேறு.

'விலங்குகளிடம் சோதிக்கப்படவில்லை' என்பதைப் பெரிய சிறப்பாகப் போட்டு விலை கூட்டினால் மயங்காதீர்கள். இந்தியாவில் அழகுசாதனப் பொருள்களை விலங்குகளிடம் சோதிப்பது 2014லேயே தடை செய்யப்பட்டுவிட்டது. அப்படிச் சோதித்த பொருளை இறக்குமதி செய்யவும் தடை உண்டு. அதேபோல, இயற்கை விளைபொருளுக்குப் போடும் 'ஜைவிக் பாரத்' முத்திரை உணவுக்கானது. சோப்பில் அதைத் தேட வேண்டாம்.

2. ஒரு குளியலுக்கு எவ்வளவு?

கட்டியின் விலையைப் பார்க்காமல் ஒரு குளியலின் விலையைப் பாருங்கள். எங்கள் வீட்டில் குறித்து வைத்த கணக்கு இது.

- ரூ.120 கைவினை சோப்பு, 100 கிராம்: சீக்கிரம் கரைந்தது. 20 குளியல். ஒன்றுக்கு ரூ.6.
- ரூ.45 முதல் தர சோப்பு, 100 கிராம்: 30 குளியல். ஒன்றுக்கு ரூ.1.50.
- குளியல் பொடி: பாசிப்பயறு 500 கிராம், கடலைப்பருப்பு 250, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, ரோஜா இதழ் சேர்ந்து 250. எல்லாம் கடையில் வாங்கி அரைத்தால் கிலோவுக்கு ஏறக்குறைய ரூ.240. ஒரு குளியலுக்கு 15 கிராம் என்றால் ரூ.3.60.

கடைசிக் கணக்கு எனக்கே அதிர்ச்சி. வீட்டுப் பொடி என்றால் சல்லிசு என்று நாமே மேடையில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பயறு நம் காட்டில் விளைந்து, ஆவாரம்பூ வேலியோரம் பறித்தால்தான் அது சல்லிசு. காசு கொடுத்து வாங்குகிறவருக்கு நல்ல சோப்பைவிட இரண்டு மடங்குக்கு மேல்.

ஷாம்பு கதையும் இப்படித்தான். பாக்கெட் ஷாம்புவைக் கடலூர்க்காரர் சின்னிகிருஷ்ணன் பிரபலமாக்கியதே ஏழைக்கும் கைக்கு எட்டட்டும் என்றுதான். எங்கள் ஊர்க் கடையில் ஒரு ரூபாய் பாக்கெட்டில் 5 மில்லி, அதாவது மில்லிக்கு 20 பைசா. பெரிய பாட்டிலில் கணக்குப் போட்டால் 60 பைசாவுக்கு மேல் வருகிறது. பாக்கெட் வாங்குகிறவருக்குக் கணக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள், நம்மைவிட நன்றாகத் தெரியும். ஆனால் பல அடுக்கு ஒட்டிய அந்தக் காலி உறையைப் பழைய சாமான் கடைக்காரர் எடுப்பதில்லை. வாய்க்காலில் வந்து நம் வரப்பில்தான் சேருகிறது.

செலவைக் குறைக்க ஒரு சின்ன வழி: கட்டியை இரண்டாக வெட்டிப் பாதியை மட்டும் வெளியே வையுங்கள். தண்ணீர் வடியும்படி தேங்காய் நார்மேல் வைத்தால் கட்டி இன்னும் சில நாள் கூடுதலாக வரும்.

3. காசு யாருக்குப் போகிறது?

நாட்டுக்கு வேண்டிய பாமாயிலில் பெரும்பகுதி இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து வருகிறது. அங்கே காடுகளை அழித்துச் செம்பனை நட்டது உலகறிந்த விஷயம். நம் கொப்பரையோ விலைக்கு ஏங்கி நின்ற காலம் உண்டு. அதனால் சோடியம் கோகோயேட் முதலில் வரும் சோப்பாக வாங்குங்கள். காதி, சர்வோதய சங்கக் கடைகளில் தேடிப் பாருங்கள். அங்கேயும் உறையைத் திருப்பிப் படித்துவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

சீயக்காயும் பூந்திக்கொட்டையும் மலைக்காடுகளில் பழங்குடி மக்கள் சேகரிப்பவை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள்கள் மீது அவர்களுக்கு உரிமை கொடுத்திருக்கிறது. பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கங்களில் முழுக் காயாக வாங்கி நாமே அரைத்தால் அந்தக் காசு சேகரித்தவர் கைக்குப் பக்கத்தில் போய்ச் சேரும். பொடியாக வாங்கினால் உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

4. குளித்த தண்ணீர் எங்கே போகிறது?

மேலே சொன்ன நான்கு பெயர்களிலும் முதல் சொல் சோடியம். நிலம் களர் ஆவதற்குக் காரணமும் அதே சோடியம்தான். ஒரே வாழை மரத்தடியில் வருஷக்கணக்காகக் குளியல் தண்ணீரை விட்டால் மண் இறுகும். கல்வாழை, சேம்பு நட்ட குழிக்குள் விட்டு, பிறகு இடத்தை மாற்றி மாற்றிப் பாய்ச்சுங்கள். சலவை சோடா கலந்த துணி துவைத்த தண்ணீரில் சோடியம் இன்னும் கூடுதல். அதைத் தனியாகப் பிரியுங்கள்.

இயற்கைப் பொருள் என்றால் கெடுதலே இல்லை என்பதும் கிடையாது. பூந்திக்கொட்டை நுரைத் தண்ணீர் மீனுக்கு விஷம். மீன் குட்டைப் பக்கம் அதைத் திருப்பிவிடாதீர்கள். புதுப் பொடி எதுவானாலும் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். அரிப்பு இல்லையென்றால் மேலுக்குப் போடுங்கள்.

5. விற்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை

நம் அமைப்பிலேயே பலர் மதிப்புக்கூட்டல் என்று சோப்பு செய்து விற்கிறார்கள். நல்ல முயற்சி. ஆனால் சோப்பும் சட்டப்படி அழகுசாதனப் பொருள். விற்பனைக்குச் செய்ய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். 'சொறி, படை குணமாகும்' என்று எழுதினால் அது மருந்தாகிவிடும், அதற்குச் சட்டமே வேறு. காஸ்டிக் சோடாவை எண்ணெய்க்கு ஏற்ற அளவில் எடை போட்டே சேர்க்க வேண்டும், கை அளவு கூடாது. அலுமினியப் பாத்திரத்தில் கரைத்தால் பாத்திரத்தையே அரித்துவிடும். எல்லாவற்றையும்விட, என்ன எண்ணெய் எத்தனை சதவீதம் என்று தமிழில் உறையில் எழுதுங்கள். நான் வாங்கிய கட்டியில் அது எழுதியிருந்தால் ரூ.120 கொடுப்பதா வேண்டாமா என்று தெரிந்தே முடிவு செய்திருப்பேன்.

கூலி வேலை செய்கிறவரால் வாங்க முடியாத சோப்பை 'அறம் சார்ந்த பொருள்' என்று சொல்ல எனக்கு இப்போது வாய் வருவதில்லை. உழைத்தவருக்கு உரிய விலை கொடுத்தால் பொருளின் விலை கூடத்தான் செய்யும், அது நமக்கும் தெரியும். ஆனால் அந்தக் கூடுதல் காசு உழைத்தவருக்குப் போகிறதா, வாழைநார்க் கட்டுக்குப் போகிறதா என்று கேட்க வேண்டும்.

அடுத்த பொங்கலுக்கு என்ன கொடுக்கலாம் என்று அந்த அம்மாவிடமே கேட்டேன். "சோப்பெல்லாம் நாங்க வாங்கிக்கறோமுங்கய்யா. நம்ம செக்குல ஆட்டுன எண்ணெய் ஆளுக்கு ஒரு லிட்டர் குடுங்க. தலைக்கும் ஆச்சு, கொழம்புக்கும் ஆச்சு" என்றார்.

பத்து லிட்டருக்குக் கொப்பரையைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.